யாரை நிபுணரிடம் அனுப்புவது?

தலைவலி வராத மனிதர் இல்லை. ஆனால் தலைவலி என்று மருத்துவரிடம் செல்பவர்களுள் மூளையில் கட்டி உள்ளவர்கள் எத்தனை பேர்? இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் கண்ட விடை, ஆயிரத்தில் ஏறத்தாழ ஒருவர் என்பது. மற்றவர்களின் வலி ஒற்றைத் தலைவலியாலோ, உறக்கக் குறைவாலோ, தசைகளின் இறுக்கத்தாலோ வந்தது. ஆனால் எதிரே அமர்ந்திருப்பவர் அந்த ஆயிரவரில் எவர் என்பதை மருத்துவர் எப்படி அறிவார்? பேசாமல் ஆயிரம் பேரையும் நரம்பியல் நிபுணரிடம் அனுப்பிவிட்டால் என்ன? ஒருவரும் தவற வாய்ப்பில்லை அல்லவா?

பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் யோசனைதான். இதில் உள்ள பிழையைக் காண மருத்துவ அறிவுடன் சற்றுக் கணக்கும் தேவைப்படுகிறது. அந்தக் கணக்கு பள்ளி மாணவருக்கும் எட்டக்கூடியதே.

இந்தச் சிக்கலை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் நாடு பிரிட்டன். அங்கு 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கியது. அதன்படி மக்கள் தம் பகுதியில் உள்ள குடும்ப மருத்துவரிடம் பெயரைப் பதிவு செய்துகொள்கின்றனர். நம் ஊரில் நெஞ்சு வலித்தால் நேரே இதய மருத்துவரின் வாசலில் போய் நிற்கலாம். அங்கே விபத்து, அவசர நோய் போன்ற சில நேரங்கள் நீங்கலாக, அரசுச் செலவில் நிபுணரைக் காண வேண்டுமானால் பொதுவாகக் குடும்ப மருத்துவரின் கடிதம் வேண்டும். இந்த வழக்கம் 1948இல் புதிதாகப் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொது மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிபுணர்களுக்கும் இடையே, நோயாளி யாருக்குச் சொந்தம் என்ற போட்டி இருந்தது. அந்தப் போட்டியில் ஏற்பட்ட சமரசத்தின் விளைவு இது. தொழில் எல்லைத் தகராறில் பிறந்த ஏற்பாட்டுக்கு அறிவியல் பின்னால் வந்து நியாயம் கற்பித்தது என்பது வேடிக்கையான செய்தி.

குடும்ப மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரம் சுமார் பத்து நிமிடம். இருபது நோயாளிகளைப் பார்த்தால் ஏறத்தாழ ஒருவருக்கு அவர் கடிதம் எழுதுகிறார். மற்றப் பத்தொன்பது பேரையும் தாமே கவனிக்கிறார். அந்த இருபதாமவர் யார் என்பதே நம் கேள்வி.

ஆயிரம் பேரில் ஒருவர்

1961ஆம் ஆண்டு கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவ அறிஞரும் அவருடைய தோழர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் திரட்டப்பட்ட விவரங்களைக் கொண்டு, ஊரில் வாழும் ஆயிரம் பெரியவர்களுக்கு ஒரு மாத காலத்தில் என்ன நேர்கிறது என்று அவர்கள் கணக்கிட்டனர். ஆயிரம் பேரில் 750 பேருக்கு ஏதோ ஓர் உடல் நலக்குறைவு வருகிறது. அவர்களுள் 250 பேர் மருத்துவரிடம் செல்கின்றனர். 9 பேர் மருத்துவமனையில் சேர்கின்றனர். 5 பேர் வேறொரு மருத்துவரிடம் அனுப்பப்படுகின்றனர். பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்பவர் ஒரே ஒருவர்!

மருத்துவ மாணவர்கள் பாடம் கற்பதோ அந்த ஒருவரின் படுக்கையருகில். அங்கே தலைவலி என்றால் கட்டியாக இருக்கக்கூடும். இருமல் என்றால் நுரையீரல் புற்றாக இருக்கக்கூடும். அப்படிப் பயின்ற இளைஞர் பட்டம் பெற்று ஊருக்குள் வந்து அமரும்போது, எதிரே வருபவர்கள் அந்த 250 பேர். அரிய நோய்களைப் படித்த கண்ணுக்கு அவர்களிடமும் அரிய நோய்களே தெரியும். எதற்கும் ஒரு கடிதம் எழுதிவிடுவோம் என்று தோன்றுவதில் வியப்பில்லை.

ஒரே சோதனைக்கு இரண்டு விடைகள்

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு நோயைக் கண்டறிய ஒரு சோதனை இருப்பதாகக் கொள்வோம். நோய் உள்ளவர் பத்துப் பேரில் ஒன்பது பேரை அது சரியாகக் காட்டும். நோய் இல்லாதவர் பத்துப் பேரில் ஒன்பது பேரை நோயற்றவர் என்றே சொல்லும். மோசமான சோதனை என்று இதைச் சொல்லமுடியாது.

முதலில் நிபுணரின் அறையைப் பார்ப்போம். குடும்ப மருத்துவர்கள் நன்கு ஆய்ந்து அனுப்பியதால் அங்கு வரும் ஆயிரம் பேரில் 500 பேருக்கு உண்மையாகவே நோய் இருக்கிறது என்க. சோதனை அவர்களுள் 450 பேரைப் பிடிக்கும். நோயற்ற 500 பேரில் 50 பேரைத் தவறாக நோயாளி என்று சொல்லும். ஆக, நோய் உண்டு என்ற முடிவைப் பெற்ற 500 பேரில் 450 பேருக்கு உண்மையாகவே நோய் உண்டு. சோதனையின் சொல்லை நிபுணர் நம்பலாம்.

அதே சோதனையை, அதே கருவியால், குடும்ப மருத்துவரின் வாசலில் நிற்கும் ஆயிரம் பேருக்குச் செய்வோம். இங்கே நோய் உள்ளவர் 10 பேர்தாம். சோதனை அவர்களுள் 9 பேரைப் பிடிக்கிறது. நோயற்ற 990 பேரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 99 பேரைத் தவறாகக் குற்றம் சாட்டுகிறது. நோய் உண்டு என்று முடிவு வந்தவர் மொத்தம் 108 பேர். உண்மையான நோயாளிகள் 9 பேர். பன்னிரண்டு பேரில் ஒருவருக்கே நோய். பதினொருவருக்கு வீண் அச்சம்.

சோதனை மாறவில்லை. சோதிக்கப்பட்டவர்கள் மாறினார்கள், அவ்வளவே. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலப் பாதிரியார் தாமஸ் பேய்ஸ் என்பவரின் நிகழ்தகவுக் கட்டுரை, அவர் மறைந்த பின் 1763இல் வெளிவந்தது. மேலே நாம் போட்ட கணக்கு அவர் வகுத்த முறையைச் சேர்ந்தது.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. நிபுணரின் திறமையில் ஒரு பங்கு, வடிகட்டி அனுப்பிய குடும்ப மருத்துவருக்கு உரியது. எல்லோரையும் அனுப்பிவிட்டால் நிபுணரின் அறையே குடும்ப மருத்துவரின் வாசலாக மாறிவிடும். அவருடைய கருவிகளும் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அளவில் உண்மை பேசத் தொடங்கும்.

வீண் அச்சம் எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு முதுகுவலியைச் சொல்லலாம். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் முதுகெலும்பு ஸ்கேன் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. வலி ஏதும் அறியாத இருபது வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கு எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் தேய்ந்திருந்தது. எண்பது வயதினரில் இது 96 விழுக்காடு. அதாவது, தலை நரைப்பது போல டிஸ்க்கும் தேய்கிறது. சாதாரண முதுகுவலிக்காரர் ஒருவரை நிபுணரிடம் அனுப்பி ஸ்கேன் எடுத்தால், படத்தில் தேய்வு தெரிய நல்ல வாய்ப்பு உண்டு; வயது கூடக் கூட அந்த வாய்ப்பும் கூடும். வலிக்குக் காரணம் அதுதானா என்பதைப் படம் சொல்லாது. ஆனால் ‘தேய்மானம்’ என்ற சொல்லைக் கேட்டவர் அன்று முதல் குனியவும் அஞ்சுவார். சில வாரங்களில் தானே மறைந்திருக்கக் கூடிய வலி, அவருக்கு ஒரு நோயாக நிலைத்துவிடும். அடுத்த நிபுணர், அடுத்த படம், ஊசி என்று பயணம் தொடரும்.

ஹங்கேரியில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய மைக்கேல் பாலிண்ட் என்ற உளநோய் மருத்துவர், 1957இல் வெளியிட்ட தம் நூலில் இத்தகைய பயணத்தைப் பற்றி எழுதினார். இதய நிபுணர் இதயத்தில் குறையில்லை என்கிறார். குடல் நிபுணர் குடலில் குறையில்லை என்கிறார். ஆளுக்கொரு முடிவு சொல்கிறார்கள். ஆனால் அந்த மனிதருக்கு இனி என்ன செய்வது என்ற பொறுப்பை எவரும் ஏற்பதில்லை. பெயர் தெரியாத பலர் சேர்ந்து செய்யும் உடந்தை என்ற பொருளில் அவர் இதற்கு ஒரு பெயரும் சூட்டினார்.

நோயற்றவர் பெறும் இடம் மற்றொருவர் இழக்கும் இடம் என்பதையும் மறப்பதற்கில்லை. இங்கிலாந்தில் 2023 செப்டம்பரில் மருத்துவமனைச் சிகிச்சைக்காகக் காத்திருந்த பதிவுகள் 77 இலட்சத்தைத் தாண்டின. கொள்ளைநோய்க் காலத்தில் பணிகள் தேங்கியதும் மருத்துவப் பணியாளர் பற்றாக்குறையும் இதற்குப் பெருங்காரணங்கள். ஆனாலும் வரிசை நீளும்போது, அதில் நிற்கத் தேவையில்லாதவரின் எடை கூடிக்கொண்டே போகிறது.

எண்ணினால் போதுமா?

அப்படியானால் வழி எளிது என்று சிலர் நினைத்தார்கள். எந்த மருத்துவர் அதிகம் அனுப்புகிறார் என்று எண்ணிப் பார்த்து, அவரைக் கட்டுப்படுத்தினால் போகிறது! இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் சராசரியாக 16 பேரை நரம்பியல் நிபுணரிடம் அனுப்புகிறார் என்க. இத்தகைய எண்ணிக்கைகள் தற்செயலாகவே கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை அளக்க வர்க்கமூலம் உதவும். 16இன் வர்க்கமூலம் 4. அதைப்போல் இருமடங்கு வரை விலகல் சாதாரணமாக நேரும். எனவே அதே மருத்துவர், தம் வழக்கத்தில் மாற்றமே இல்லாமல், ஓர் ஆண்டில் 8 பேரையும் மற்றோர் ஆண்டில் 24 பேரையும் அனுப்பக்கூடும். மேலதிகாரி முதல் ஆண்டு பாராட்டுவார். அடுத்த ஆண்டு விளக்கம் கேட்பார். இரண்டும் பொருளற்றவை.

தற்செயலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் மருத்துவருக்கு மருத்துவர் வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. முதியோர் மிகுந்த பகுதி, ஏழ்மை மிகுந்த பகுதி ஆகியவற்றால் ஒரு பகுதி விளங்குகிறது. மருத்துவரின் வயது, அனுபவம் போன்றவற்றால் மிகச் சிறு பகுதியே விளங்குகிறது. பெரும்பகுதிக்குக் காரணம் கூற முடியவில்லை. மேலும், அதிகம் அனுப்புபவர் தேவையற்றவர்களையே அதிகம் அனுப்புகிறார் என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. குறைவாக அனுப்புபவர், அனுப்ப வேண்டியவரையும் நிறுத்தி வைத்திருக்கலாம் அல்லவா?

இதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. தேவையற்ற அனுப்புதல் என்றால் என்ன? நிபுணர் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டால், அனுப்பியது வீண் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணம் என்பதற்குப் புற்றுநோயே சான்று. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ், 2015இல் ஒரு புது அளவை வகுத்தது. நோயாளியின் அறிகுறிகளைக் கொண்டு, புற்றுநோய் இருக்க நூற்றுக்கு 3 வாய்ப்பு உண்டென்றாலும் பெரியவர்களை உடனே சோதனைக்கு அனுப்பவேண்டும் என்பதே அந்த அளவு. அதன் பொருள் என்ன? அந்த எல்லைக் கோட்டில் நிற்கும் நூறு பேரை அனுப்பினால் 97 பேர் ஒன்றுமில்லை என்று திரும்புவர். அந்த 97 கடிதங்களும் தேவையான கடிதங்களே. அவற்றை எழுதாமல் மற்ற மூவரைக் கண்டுபிடிக்க வழியில்லை.

இதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை, அதே 2015இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியது. இங்கிலாந்தில் புற்றுநோய் கண்ட 2,15,000க்கும் மேற்பட்டோரை அது தொடர்ந்து கவனித்தது. அவசரப் பரிந்துரை முறையை மிகக் குறைவாகப் பயன்படுத்திய மருத்துவர்களின் நோயாளிகளிடையே இறப்பு, நடுத்தரமாகப் பயன்படுத்தியவர்களின் நோயாளிகளைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு அதிகமாக இருந்தது. கடிதங்களைக் குறைத்தால் சிக்கனம் என்பவர்கள் இந்த எண்ணையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

ஆயினும் பணத்தால் குறைக்கும் முயற்சிகள் நடந்தன. 1991இல் பிரிட்டனில், விரும்பும் குடும்ப மருத்துவர்களிடம் மருத்துவமனைச் செலவுக்கான நிதியையே ஒப்படைக்கும் திட்டம் வந்தது. மிச்சம் பிடித்ததைத் தம் நோயாளிகளின் நலனுக்குச் செலவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்தில் செய்யப்பட்ட தொடக்க ஆய்வில், அனுப்பும் எண்ணிக்கையில் இதனால் மாற்றம் தெரியவில்லை. பிற்காலத்து ஆய்வொன்று சிறு குறைவைக் கண்டது. 1999இல் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு 2015இல், அன்று இருந்த வட்டார மருத்துவ நிதிக் குழுக்கள் சில, அனுப்புவதைக் குறைக்கும் மருத்துவ நிலையங்களுக்கு ஆயிரக்கணக்கான பவுன் தர முன்வந்ததை மருத்துவர்களின் இதழான ‘பல்ஸ்’ வெளியிட்டது. குறைக்கவேண்டியவற்றுள் புற்றுநோய்ப் பரிந்துரைகளும் சில இடங்களில் அடங்கியிருந்தன. மருத்துவர்களிடையே பெரும் கண்டனம் எழுந்தது. அது நியாயமான கண்டனமே. தம் கடிதத்தை மருத்துவர் ஏன் எழுதவில்லை என்ற ஐயம் நோயாளியின் மனத்தில் நுழைந்துவிட்டால், ‘கவலைப்படாதீர்கள், இரண்டு வாரம் பார்ப்போம்’ என்ற சொல்லுக்கு மருந்தின் வலிமை போய்விடும்.

கேட்டுவிட்டு அனுப்புவது

பின் எதுதான் பயன் தருகிறது? இதுபற்றி நடந்த ஆய்வுகளைத் திரட்டி, காக்ரேன் அமைப்பு 2008இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதில் 17 ஆய்வுகள் இடம்பெற்றன. வழிகாட்டிக் குறிப்புகளை அச்சிட்டு மருத்துவர்களுக்கு அனுப்பி வைப்பதால் பயனில்லை. ‘நீங்கள் இத்தனை பேரை அனுப்பியிருக்கிறீர்கள்’ என்று புள்ளிவிவரம் தெரிவிப்பதாலும் பயனில்லை. இரண்டு முறைகள் பயன் தந்தன. ஒன்று, வழிகாட்டிக் குறிப்புடன் கேள்விகள் வரிசையாக அச்சிட்ட பரிந்துரைப் படிவம். இன்ன சோதனை செய்தாயிற்றா, இன்ன மருந்து கொடுத்துப் பார்த்தாயிற்றா என்று கேட்கும் படிவத்தை நிரப்பும்போதே, அனுப்ப வேண்டுமா என்பது பாதி விளங்கிவிடுகிறது. மற்றொன்று, நிபுணர்களே வந்து குடும்ப மருத்துவர்களுடன் அமர்ந்து கற்பிப்பது.

இரண்டிலும் பொதுவானது ஒன்றுண்டு. நிபுணரின் அறிவு குடும்ப மருத்துவரின் மேசைக்கு வருகிறது. நோயாளிக்குப் பதிலாகக் கேள்வி பயணம் செய்கிறது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட அரசு மருத்துவத் துறை இதைக் கணினி வழியாகச் செய்து பார்த்தது. ஏழைகளும் காப்பீடு இல்லாதவர்களும் மிகுதியாக வரும் துறை அது. 2012இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, குடும்ப மருத்துவர் நோயாளியை அனுப்புமுன் நோயின் விவரத்தையும் தம் ஐயத்தையும் நிபுணருக்கு எழுதவேண்டும். நிபுணர் படித்துவிட்டு, ‘இந்த இரத்தச் சோதனையை முதலில் செய்யுங்கள்’ என்றோ, ‘மருந்தின் அளவை இப்படி மாற்றுங்கள்’ என்றோ, ‘உடனே அனுப்புங்கள்’ என்றோ பதில் தருவார். 2015இல் 3,000க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தினர். மாதத்துக்குச் சுமார் 12,000 கேள்விகள் வந்தன. பதில் பெரும்பாலும் ஒரு நாளில் கிடைத்தது. நான்கில் ஒரு பங்கு கேள்விகள், நோயாளி நிபுணரை நேரில் காணாமலேயே தீர்ந்தன. மீதி முக்கால் பங்கினரும், வேண்டிய சோதனைகளை முடித்துக்கொண்டு நிபுணரிடம் செல்ல வழி ஏற்பட்டது.

இங்கிலாந்திலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. 2025 ஏப்ரலில், இப்படி ஆலோசனை கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் மருத்துவ நிலையத்துக்கு 20 பவுன் தரும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அனுப்பாததற்குப் பணம் தருவதைவிடக் கேட்பதற்குப் பணம் தருவது மேல் என்பதில் ஐயமில்லை. கேள்வியை எழுதவும், பதிலைப் படித்து நிறைவேற்றவும் நேரம் ஆகிறது. பத்து நிமிடத்தில் ஒருவர் என்ற ஓட்டத்தில் அந்த நேரம் எங்கிருந்தோ வரவேண்டும்.

எழுத்தில் கேட்க முடியாத ஒரு நிபுணரும் உண்டு. அவர் பெயர் காலம். பெரும்பாலான தலைவலியும் முதுகுவலியும் சில வாரங்களில் தணியும். தணியாதது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். ஆனால் ‘போய் வாருங்கள்’ என்று வெறுமனே அனுப்பிவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. ரோஜர் நெய்பர் என்ற ஆங்கிலக் குடும்ப மருத்துவர் 1987இல் எழுதிய நூலில், மருத்துவர் தம்மையே கேட்டுக்கொள்ளவேண்டிய மூன்று கேள்விகளை வகுத்தார். என் கணிப்புச் சரியானால் இனி என்ன நடக்கும்? கணிப்புத் தவறென்று எனக்கு எப்படித் தெரியவரும்? தெரிந்தால் என்ன செய்வேன்? இவற்றின் விடைகளை நோயாளிக்கும் சொல்லி அனுப்பவேண்டும். கழைக்கூத்தாடிக்குக் கீழே விரிக்கும் வலையைப் போன்றது இது.

வலையில்லாமல் காத்திருப்பதன் விளைவு எலும்பு மச்சையில் தோன்றும் மைலோமா என்ற புற்றுநோயில் தெரிகிறது. மார்பகப் புற்றில் கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. ஆகவே மருத்துவமனைக்கு அனுப்பப்படுமுன் மூன்று முறையோ அதற்கு மேலோ குடும்ப மருத்துவரிடம் நடந்தவர்கள், 2012இல் வெளியான ஆங்கில ஆய்வின்படி, நூற்றுக்கு 7 பேர்தாம். மைலோமாவிலோ பாதிப் பேர் அப்படி நடந்திருக்கின்றனர். காரணம், அதன் முதல் அறிகுறி பெரும்பாலும் சோர்வும் முதுகுவலியும். நாம் மேலே ஸ்கேன் வேண்டாம் என்று சொன்ன அதே முதுகுவலி!

அறுபது வயதைக் கடந்தவருக்கு எலும்பில் வலி, குறிப்பாக முதுகில், தணியாமல் நீடித்தால் என்ன செய்வது என்று நைஸ் நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. முதலில் இரத்த அணுக்களின் எண்ணிக்கையையும், இரத்தத்தில் கால்சியத்தின் அளவையும், சிவப்பணுக்கள் படியும் வேகத்தையும் பார்க்கவேண்டும். மூன்றும் எளிய சோதனைகள். சாதாரண ஆய்வுக்கூடத்திலேயே செய்யலாம். அவற்றில் கால்சியம் மிகுந்தோ, வெள்ளணுக்கள் குறைந்தோ இருந்து, மைலோமாவுக்குப் பொருத்தமாகத் தோன்றினால், மிக விரைவில் புரதச் சோதனை செய்யவேண்டும். அதன் முடிவும் மைலோமாவைச் சுட்டினால், இரத்தநோய் நிபுணருக்கான அவசரக் கடிதத்தை மருத்துவர் அன்றே எழுதுவார்.